பால்மாவு டப்பாக்களை இனி அனுப்ப வேண்டாம்: வடநாட்டு மிஷன் மருத்துவமனைகளைத் தாங்கும் தமிழகச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர்களுக்கும், போதகர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மாருக்கும், மிஷனெரி ஞாயிறன்று காணிக்கைப் பையில் தங்கள் பங்கைப் போடும் ஒவ்வொருவருக்கும் ஸ்தோத்திரம்.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், ராஜ்மஹால் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு சிறிய மிஷன் மருத்துவமனை இருக்கிறது. கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு அங்கே வரும் குழந்தைகளுக்கான வார்டைப் பதினேழு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் செவிலியர் நான். என் சம்பளத்தில் ஒரு பங்கு உங்கள் காணிக்கையிலிருந்து வருகிறது. நாள்தோறும் உலை வைக்குமுன் பிடியரிசிப் பானையில் ஒரு கைப்பிடி போட்டுவைத்து, மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோன என் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் ஆகையால், அந்தக் காணிக்கை எப்படிப்பட்ட சமையலறைகளிலிருந்து வருகிறது என்பதை அறிவேன். ஆகவே இனி நான் எழுதப்போவது நன்றி மறந்த பேச்சாக எவருக்கும் படக்கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஒரு சபைக்கு மட்டும் தனியாக எழுதினால் அது அவர்களைக் குற்றஞ்சாட்டியதாகிவிடும் என்பதாலும், நான் சொல்லவரும் பழக்கம் பல சபைகளுக்கும் பொதுவானது என்பதாலும் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சென்ற டிசம்பரில் ஹவுரா வழியாகப் பதினொரு அட்டைப்பெட்டிகள் எங்களுக்கு வந்துசேர்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் அழகான கையெழுத்தில் 'பசியால் வாடும் நம் பிள்ளைகளுக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே கைக்குழந்தைப் பால்மாவு டப்பாக்கள், ரப்பர் காம்பு பொருத்திய பால்புட்டிகள், இரும்புச்சத்து டானிக்குகள், பிஸ்கட், சத்துமாவு ஆகியவை இருந்தன. சத்துமாவைப் பாலூட்டும் தாய்மாருக்குக் கஞ்சியாகக் காய்ச்சினோம். டானிக்கை இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தோம். பால்மாவும் புட்டிகளும் இன்றுவரை பண்டக அறையில் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. ஏன் அப்படியே வைத்திருக்கிறோம் என்று அவற்றை அனுப்பிய சபையின் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்பதைப் 'பசி முற்றிய நிலை' என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதற்கு மருந்து சாப்பாடு என்பது அந்த எண்ணத்தின் அடுத்த படி. எங்கள் வார்டுக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பசியே இருப்பதில்லை என்பதைச் சொன்னால் நம்புவது கடினம். பசியெடுத்துச் சாப்பிடும் குழந்தை, மேற்புயத்தின் சுற்றளவு 11.5 செண்டிமீட்டருக்குக் கீழே போயிருந்தாலும், வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால், வீட்டிலேயே தக்க உணவு கொடுத்துத் தேற்றக்கூடிய குழந்தைதான். வாயருகே கொண்டுபோனதைத் தள்ளிவிட்டு, அழுவதற்கும் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்தபடி கிடக்கும் குழந்தைகளே எங்களிடம் படுக்கையில் சேர்க்கப்படுகிறார்கள். நெடுநாள் பட்டினியில் அந்த உடல், ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே ஒரே விளக்கோடு நடக்கும் கடையைப் போல ஆகிவிடுகிறது. இதயம் மெல்லச் சுருங்கி விரிகிறது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறுகிறது. செல்களுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கசிந்து, வெளியே இருக்கவேண்டிய சோடியம் உள்ளே தங்கிவிடுகிறது. குடலின் உட்புறம் மெலிந்து செரிக்கும் திறனை இழக்கிறது. கிருமி தொற்றினாலும் காய்ச்சல் காட்டக்கூட உடலுக்கு வலு இருப்பதில்லை. அதனால்தான் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுகிறோம்.

இப்படிப்பட்ட உடலுக்குள் திடீரென்று கொழுத்த உணவு நுழைந்தால், அதைக் கையாள்வதற்காக உடல் இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். தேங்கியிருந்த நீரும் உப்பும் இரத்தத்துக்குள் திரும்பும். மெலிந்த இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் நின்றுபோகக்கூடும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் பட்டினி முகாம்களைத் திறந்த படைவீரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த உணவாலேயே அங்கே சிலர் உயிரிழந்தார்கள். எங்கள் வார்டில் அதற்கு மிக அருகில் போன ஒரு நாள் உண்டு. ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த ஒரு குழுவிலிருந்த அம்மையார், சேர்ந்து மூன்றாம் நாளே ஆன ஒரு பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தாம் கொண்டுவந்த கேக்கையும் அவித்த முட்டையையும் பாலில் தொட்டு அன்போடு ஊட்டிவிட்டார். நான் அப்போது புறநோயாளிப் பிரிவில் இருந்தேன். மாலைக்குள் பையனின் நாடித்துடிப்பும் மூச்சும் ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. எல்லா உணவையும் நிறுத்தி, இரவு முழுவதும் பார்த்திருந்து மீட்டோம். அம்மையாரிடம் நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்படியானால் என்ன கொடுக்கிறோம்? முதற்கட்ட உணவு ஒன்று உண்டு. நூறு மில்லியில் 75 கலோரி இருப்பதால் அதற்கு எஃப்-75 என்று பெயர். புரதம் அதில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவுதான். ஆயத்தப் பொட்டலம் இல்லாத நாட்களில் நாங்களே தயாரிக்கிறோம். நூறு மில்லிக்கு 30 மில்லி பசும்பால், 9 கிராம் சர்க்கரை, 2 கிராம் எண்ணெய், மீதி காய்ச்சி ஆறவைத்த நீர். வயிற்றுப்போக்கு நிற்காத குழந்தைக்குச் சர்க்கரையைக் குறைத்து, இங்கே 'முரி' என்று சொல்லும் அரிசிப் பொரியை இடித்துச் சலித்த மாவைச் சேர்ப்போம். பார்ப்பதற்குத் தண்ணீர்ப் பால் போலத்தான் இருக்கும். இவ்வளவு பெரிய மருத்துவமனையில் பாலில் தண்ணீர் கலக்கிறார்களே என்று சண்டைக்கு வந்த பாட்டிமார் உண்டு. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 55 மில்லி, அதாவது ஒரு டீ கிளாஸில் ஏறக்குறையப் பாதி. இரவு பகல் என்று பாராமல் நாளொன்றுக்குப் பன்னிரண்டு வேளை. குடிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் இறக்கிச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வாந்தி எடுத்தால் எவ்வளவு எடுத்தது என்று மதிப்பிட்டு எழுதவேண்டும். பசி திரும்பி, குழந்தை கிண்ணத்தைப் பிடுங்கத் தொடங்கிய பிறகே, நூறு மில்லியில் 100 கலோரியுள்ள அடுத்த உணவுக்கு மெல்ல மாறுகிறோம். இரும்புச்சத்தும் அதன் பிறகுதான். முதல் வாரத்தில் கொடுக்கும் இரும்பு குழந்தையைவிடக் கிருமிக்கே அதிகம் பயன்படும்.

ஆக, பால் குறைவாகவே வேண்டியிருக்கிறது. எண்ணெயும் சர்க்கரையும் வாரச் சந்தையில் கிடைக்கும். கிடைக்காமல் இருப்பது வேறொன்று. சென்ற ஜனவரியில் நடந்ததைச் சொன்னால் அது விளங்கும். இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்த பிறகே எழுதுகிறேன்.

அன்று வார்டில் ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள். இரவுப் பணியில் ஒரே ஒரு செவிலியர், அது நான். பன்னிரண்டு மணி வேளையை அளந்து ஊட்டி முடித்துப் பதிவேட்டில் எழுதியபோது, பிரசவத்துக்குப்பின் இரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணைக் குன்றின் மேலிருந்து கட்டிலில் சுமந்துகொண்டு வந்தார்கள். வேலூரில் படித்துவிட்டு இரண்டாண்டுப் பணிக் கடமைக்காக எங்களிடம் வந்திருந்த இளம் மருத்துவரும் நானும் மூன்றரை மணி வரை அந்த அறையைவிட்டு அசைய முடியவில்லை. அந்தப் பெண் பிழைத்தார். வார்டில் இரண்டு மணி வேளை தவறிப்போயிற்று. ஐந்தாம் படுக்கையில் பதினான்கு மாதப் பெண்குழந்தை ஒன்று, சேர்ந்து இரண்டாம் நாள். எடை ஐந்து கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. இரண்டு இரவுகள் விழித்திருந்த தாய் அசந்து உறங்கிவிட்டார். போர்வை விலகிக் கிடந்தது. நான் வயிற்றில் கை வைத்தபோது மண்பானையைத் தொட்டதுபோல் குளிர்ந்திருந்தது. இரத்தச் சர்க்கரை 54-க்குக் கீழே போனாலே இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. கருவி 26 என்று காட்டியது. குளுக்கோஸ் ஏற்றினோம், தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிச் சூடேற்றினோம். ஐந்து மணிக்குச் சற்று முன் குழந்தை போய்விட்டது. பண்டக அறை அந்தப் படுக்கையிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறது. அங்கே பதினொரு பெட்டிகள் இருந்தன.

இது என் தவறு என்று நான் சொல்லிக்கொள்வதும், ஒரு ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்று மற்றவர்கள் ஆறுதல் சொல்வதும் எங்களுக்குள் நடந்து முடிந்த பேச்சுகள். உங்களிடம் சொல்லவேண்டியது, அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது இரவு இரண்டு மணிக்கு 55 மில்லியை அளந்து ஊட்ட இன்னொரு கை என்பதே. அந்தக் கைக்கு மாதச் சம்பளம் வேண்டும். பெட்டிகளைத் தமிழகத்திலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்த வண்டிக்கூலியோடு அவற்றை வாங்கிய தொகையைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். ஓர் உதவிச் செவிலியரின் பல மாதச் சம்பளம் அதில் இருந்தது.

பால்மாவை நாங்கள் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் சட்டம். கைக்குழந்தைகளுக்கான பால் மாற்று உணவுகள், பால்புட்டிகள் ஆகியவற்றின் உற்பத்தி, வழங்கல், விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டு 2003-இல் இன்னும் இறுக்கமாகத் திருத்தப்பட்டது. அதன்படி, அநாதை இல்லம் போன்ற சட்டம் அனுமதிக்கும் சில இடங்களைத் தவிர, வேறு எவருக்கும் இந்த மாவையோ புட்டியையோ நன்கொடையாகக் கொடுப்பதே குற்றம். நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் அப்படித்தான். சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதன் காரணத்தை எங்கள் ஊர்க் குன்றுகளில் ஏறிப் பார்த்தால் தெரியும். ஊற்றுநீரை எடுக்க அரை மணி நேரம் இறங்கவேண்டும். விறகை விற்பதற்காக வைத்திருக்கும் வீட்டில் புட்டியைக் கொதிக்கவைக்க எரிக்கமாட்டார்கள். ஒரு டப்பா தீர்ந்தால் அடுத்ததை வாங்கக் காசு இராது என்பதால் இரண்டு கரண்டி போடவேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போடுவார்கள். அதற்குள் தாய்ப்பாலும் வற்றியிருக்கும். 1939-இல் சிங்கப்பூரில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், குழந்தைகளுக்கு ஏற்றதென்று இனிப்புக் கட்டிப்பாலை விற்பதைப் பற்றிப் பேசிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டார். அவர் மிகைப்படுத்தவில்லை.

அதே வில்லியம்ஸ் அம்மையார்தான், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் வேலை செய்தபோது, கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிய குழந்தைகளைப் பற்றி 1930-களில் எழுதி, அந்நோய்க்கு உள்ளூர்த் தாய்மார் வைத்திருந்த பெயரையே மருத்துவ உலகத்துக்குக் கொடுத்தவர். 'குவாஷியோர்கர்' என்ற அந்தச் சொல், அடுத்த குழந்தை வந்ததும் தாய்மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்ற பொருளுடையது. செவிலியர் பள்ளியில் இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது எங்கள் ஆச்சி சொல்லும் 'சவலை'. தாய் மறுபடி உண்டாகிவிட்டதால் பால் மறுக்கப்பட்டு ஏங்கி மெலிந்த பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்று சொல்ல நம்மூர்ப் பாட்டிமாருக்கு எந்தப் பாடப்புத்தகமும் தேவைப்படவில்லை. இந்த ஒரு சொல்லை மறந்ததால்தான் சவலைப்பிள்ளைக்குப் புட்டி வாங்கி அனுப்புகிறோமோ என்று சில நேரம் நினைப்பதுண்டு.

இங்குள்ள குழந்தைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களிடம் வருபவர்கள் சந்தாலியர், பஹாடியர் என்னும் பழங்குடியினர், வங்காளம் பேசும் முஸ்லிம்கள், கல்குவாரிகளில் கூலிக்கு வந்த பல ஊர்க்காரர்கள். குன்றுகளின் மேல் வாழும் சௌரியா பஹாடியர் பேசும் மால்ட்டோ நம் மொழியின் தூரத்துச் சொந்தம். கண்ணை அவர்கள் 'கனு' என்றும் பல்லைப் 'பலு' என்றும் சொல்வதை முதன்முதலாகக் கேட்ட அன்று எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஜார்க்கண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.1 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடையில்லாமல் கடுமையாக மெலிந்தவர்கள். தமிழ்நாட்டிலும் அது 5.5 சதவீதம் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதை வடநாட்டாரின் அறியாமை என்று பிரசங்கத்தில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன், அது எனக்குப் பிடித்ததே இல்லை. மெலிவுக்குப் பின்னால் இங்கே மலேரியா இருக்கிறது. மண்ணீரலை வீங்கச் செய்யும் காலா அசார் இருக்கிறது. வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் தாத்தாவிடமிருந்து வந்த காசநோய் இருக்கிறது. பழைய நெல் தீர்ந்து புதியது விளையாத ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் வார்டு நிரம்பும். தாயின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போக இவற்றில் எது இடம் கொடுக்கிறது?

வீக்கத்தோடு வரும் குழந்தையைப் பற்றி ஒன்று. அதன் புறங்காலில் கட்டைவிரலால் அழுத்தி மூன்று வரை எண்ணி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். பார்வையாளர்கள் பெரும்பாலும் இந்தக் குழந்தையைத்தான் 'இது நன்றாகத்தானே இருக்கிறது' என்று கடந்துபோவார்கள். தாய்மாருக்கும் அப்படித்தான் தோன்றும். சிகிச்சை தொடங்கியபின் நீர் வடிந்து எடை இறங்கும். ஊதியிருந்த கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரியும். அந்த நாளில்தான் தாய் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்: ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகே பிள்ளை இளைத்தது என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேச்சிலேயே அரை மணி நேரம் எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லையென்றால் அன்று மாலை படுக்கை காலியாக இருக்கும்.

தாய் தங்குவது என்பதே இந்தச் சிகிச்சையின் பாதி. குறைந்தது இரண்டு வாரம் தங்கவேண்டும். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள். விறகு வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகாவிட்டால் அந்த வாரம் உப்பு, எண்ணெய் இல்லை. பங்குனியில், பொறுக்கி விற்கும் மஹுவா (இலுப்பை இன மரம்) பூ உதிரும் நாட்களைத் தவறவிட்டால் அந்த வருமானம் அடுத்த ஆண்டுதான். அரசு நடத்தும் ஊட்டச்சத்துக் குறைவுச் சிகிச்சை மையங்களில் தாய்க்குச் சாப்பாட்டோடு கூலி இழப்புக்கு ஈடாக ஒரு தொகையும் கொடுக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. அங்கே இடம் இருந்தால் நாங்களே சஹியா அக்காமாரோடு பேசி அனுப்பிவைக்கிறோம். ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளரை இங்கே சஹியா என்றுதான் சொல்வார்கள். எங்களிடம் வரும் தாய்க்கு நாங்கள் கொடுப்பது சோறு மட்டுமே, அதுவும் அவருக்கு மட்டும். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அவரோடு வரும் பிள்ளைகள் அவர் தட்டிலிருந்தே சாப்பிடுகிறார்கள்.

உங்களில் சிலர் அனுப்பச் சொல்லிக் கேட்கும் புகைப்படங்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். காணிக்கை சேர்க்க எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையின் படம் உதவும் என்பது எனக்குத் தெரியும். ஸ்தோத்திரப் பண்டிகையில் திரைபோட்டுக் காட்டினால் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போகும் என்பதும் தெரியும். ஆனாலும் இனி அனுப்பமாட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலண்டரில் எங்கள் வார்டுப் பையன் ஒருவனின் படம் வந்தது. கீழே அவன் குடும்பம் ஆண்டவரை ஏற்றுக்கொண்டதாகவும் எழுதியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவனுடைய தகப்பன் கைபேசியில் யாரோ காட்டிய அந்தப் பக்கத்தோடு எங்களிடம் வந்து நின்றபோது, கோபத்தைவிட அதிகமாக அவர் முகத்தில் இருந்தது வெட்கம். ஆசைகாட்டி மதம் மாற்றுவதைத் தண்டிக்கும் சட்டம் ஜார்க்கண்டில் 2017 முதல் இருக்கிறது. ஒரு பொய்யான வரி மருத்துவமனையையே மூடவைக்கக்கூடும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். காலையில் வார்டில் ஜெபிக்கிறோம். விரும்பியவர் எழுந்து நிற்பார், விரும்பாதவர் பிள்ளைக்குக் கால் தேய்த்துக்கொண்டிருப்பார். பேரனோடு வந்த ஒரு முஸ்லிம் பாட்டி, நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அவன் நெற்றியில் ஊதித் தம் துவாவைச் சொல்வார். 55 மில்லி இருவர் ஜெபத்துக்கும் பொதுவானது.

குழந்தைகளின் பசியைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகளை எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றும். எழுந்து நடந்த சிறுமியைச் சுற்றி எல்லோரும் வியந்து நிற்க, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று சொன்னவர் இயேசு ஒருவர்தான். அற்புதத்துக்குப் பிறகு செய்யவேண்டிய அந்த அலுப்பான வேலைதான் எங்களுடையது, அதுவும் நாளுக்குப் பன்னிரண்டு முறை.

இனி நான் கேட்பது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் இன்னும் இறுக்கமாகத் திருத்தப்பட்ட பிறகு எங்களைப் போன்ற சிறிய இடங்கள் உள்நாட்டுச் சபைகளையே அதிகம் நம்பவேண்டியிருக்கிறது. இரவுப் பணிக்கு மட்டும் எங்களுக்கு இன்னும் மூன்று செவிலியர் வேண்டும். சந்தாலியும் மால்ட்டோவும் தெரிந்த, உதவிச் செவிலியர் பயிற்சி முடித்த உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள், சம்பளம்தான் இல்லை. உங்கள் சபைகளில் இருபத்துநான்கு மணி நேரச் சங்கிலி ஜெபம் நடத்துகிறீர்கள். ஆளுக்கு ஒரு மணி என்று பெயர் எழுதிப் பலகையில் ஒட்டுவதும், அதிகாலை இரண்டு மணிக்குப் பெயர் கொடுக்கத் தயங்காமல் அதைப் பொறுப்போடு நிறைவேற்றும் மூதாட்டியர் இருப்பதும் எனக்குத் தெரியும். அதே பலகையில் இந்தச் சம்பளத்தையும் பங்கிடுங்கள். ஒரு சபை முழுச் செவிலியரையும் தாங்கவேண்டியதில்லை. பன்னிரண்டு ஐக்கியங்கள் சேர்ந்து ஒருவரைத் தாங்கினால் போதும், ஆனால் ஒரு பண்டிகையோடு முடியாமல் மூன்று ஆண்டுகளாவது தொடரவேண்டும். பாதியில் நின்றுபோகும் சம்பளம் எங்களுக்கு உதவாது.

அதன்பின் மீதமிருந்தால் தாய்மாருக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு தொகையும், கூட வரும் பிள்ளைகளுக்குச் சோறும். பத்து கிராம் வித்தியாசத்தைக் காட்டும் தராசு ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. சர்க்கரை பார்க்கும் பட்டைகள் மாதக் கடைசியில் தீர்ந்துவிடுகின்றன. வீடு திரும்பிய குழந்தையைப் பதினைந்து நாளுக்கொரு முறை குன்றேறிப் போய் எடைபார்க்க மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டும். போகாமல் விட்ட வீடுகளிலிருந்து அதே குழந்தை அடுத்த ஆடியில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் எதற்கும் படம் பிடித்துக் காட்டும்படியான முகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து உணவு கொடுத்தார்கள். உங்களில் மூத்தவர்கள் சிலருக்குப் பால்வாடியில் தொங்கிய அந்தத் தராசு நினைவிருக்கலாம். உணவுக்கு முன்னால் தராசை வைத்த அந்த வேலையை நம் ஊர்ப் பெண்களே செய்து காட்டியிருக்கிறார்கள்.

படங்களுக்குப் பதிலாக, ஒவ்வொரு காலாண்டும் ஒரு பக்கக் கணக்கு அனுப்புகிறேன். எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை இரவு வேளைகள் தவறின என்பவை அதில் இருக்கும். கடைசி எண்ணை நான் மறைக்கமாட்டேன். அதை ஆராதனையில் வாசிப்பதா வேண்டாமா என்பதை உங்கள் போதகர் தீர்மானிக்கட்டும்.

பண்டக அறையில் இருக்கும் பால்மாவைப் பற்றி ஒரு வேண்டுகோள் மீதமிருக்கிறது. அவை வரும் செப்டம்பரோடு காலாவதியாகின்றன. சட்டப்படி அவற்றைப் பெறத் தகுதியுள்ள ஓர் அநாதை இல்லத்தோடு பேசியிருக்கிறோம். அவர்கள் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், புட்டிகள் மட்டும் வேண்டாம் என்றார்கள். பெட்டிகள் உங்கள் சபையின் பெயரில் வந்தவை ஆதலால், மாற்றிக்கொடுக்க உங்கள் கமிட்டியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அனுப்பிய சபையார் இதைப் படித்தால் தங்களை அறிந்துகொள்வார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கடிதம் கிடைத்தால் சந்தை நாளில் போகும் வண்டியிலேயே ஏற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
ராஜ்மஹால் குன்றடிவாரத்திலிருந்து,
குழந்தைகள் வார்டுப் பொறுப்புச் செவிலியர்